ஓரத்துக் குறி

அன்புள்ள அம்மா,

மூட்டுவலி குறைந்ததா? லண்டனில் நான் நலம்.

பழைய படங்கள் சேகரிக்கும் ஆட்வே, போருக்குப் பின் வந்த ஒரு குற்றப்படத்தின் அறுந்த ஃபிலிம் சுருளை ஒட்டக் கொடுத்தார். "ஓடாத படம்ப்பா, அதான் இப்போ கிராக்கி," என்று சிரித்தார். அதில் துறைமுகக் கூட்டத்தில் அப்பா நடக்கிறார். நீ பின்னிய கோடுபோட்ட மஃப்ளர், இடது காலை இழுக்கும் அதே நடை. திரும்பி என்னைப் பார்க்கிறார்.

"சாயலா இருக்கும். ஓரத்துக் குறியப் பாரு, படம் பிடிச்ச ஃபிலிம் செஞ்ச வருஷம் தெரியும்," என்றார் ஆட்வே. பார்த்தேன், 1951. அப்பாவை அடக்கம் செய்தது 1949இல்.

பயப்படாதே, சாயல்தான். கம்பளிக் காலுறையும் அப்பாவின் புகைப்படமும் அனுப்பு. அறையில் பேச ஆளில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

அம்மா, கப்பலிலிருந்து மூடியபடியே வந்த அப்பாவின் சவப்பெட்டியை அடக்கத்துக்கு முன் திறந்து பார்த்தாயா?

உன் ரோலண்ட்