முறுக்குக்கு நடுவே மஞ்சள் துணி

புனே, வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்குத் தரணி வணங்கி எழுதுவது. நலமா? அம்மாவின் முட்டி வலி குறைந்ததா?

பார்சல் வந்தது. முறுக்கு உடையாமலிருக்க வழக்கம்போல் நம் பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைச் சுற்றியிருந்தீர்கள். ஆனால் அது போன வருஷ ஆர்டரின் மஞ்சள். வேஸ்ட்டைத்தான் வாராவாரம் எடைக்குப் போட்டுவிடுவோமே? அந்த ஆர்டருக்குப் பிறகு எதையுமே வெட்டவில்லையா?

போனில் மெஷின் சத்தமும் கேட்பதில்லை. கேட்டால், "கரண்ட் இல்ல கண்ணு" என்கிறீர்கள். தினமுமா? என் ஃபீஸ் மட்டும் எப்படித் தவறாமல் வருகிறது? எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் படிக்க வைத்தது நீங்கள்தானே, சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

போனில் பேச்சை மாற்றுவீர்கள், அதனால்தான் கடிதம். இங்கே மெஸ் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முறுக்கு வேண்டாம். இந்த வாரம் வெட்டிய துணி ஒரு கைப்பிடி அனுப்புங்கள். மஞ்சள் மட்டும் வேண்டாம்.

மெஸ் மூடப் போகிறார்கள், ஓடுகிறேன்.

தரணி