திரைச்சீலைப் பிரிவில் ஒரு ஸ்டூல்

ஜனவரி 9

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. சூப்பர்வைசர் அம்மாவுக்கு என்ன குறை? போன வாரம் உன் கிளையிலிருந்து வண்டிக்கார அண்ணன் துணி மூட்டைகளோடு மட்டும் வந்து நின்றார். உன் கடிதம் எங்கே என்று அவரைப் பிடித்துத் திட்டிவிட்டேன். "மூட்டைதான் ஏத்திட்டு வர முடியும். அந்தம்மா எழுதலன்னா நானா எழுத முடியும்?" என்றார். பாவம், அவர்மேல் தப்பில்லை. தப்பெல்லாம் உன்மேல்தான். வேறு ஊர்க் கிளைக்குப் பதவி உயர்ந்து போனதிலிருந்து உனக்குக் கை எழுத வரமாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் இடது குதிகால் எனக்கு விரோதியாகிவிட்டதடி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணிமேல் வைத்த மாதிரி இருக்கிறது. கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து நான் குழாயடிக்குப் போய்ச் சேர்வதற்குள் என் வீட்டுக்காரர் பல் தேய்த்து, பேப்பரும் படித்து முடித்துவிடுகிறார். கொஞ்சம் நடந்தால் அடங்குகிறது. கடைக்கு வந்து நின்றால் மறுபடி ஆரம்பம். சாயங்காலம் கெண்டைச் சதை கல் மாதிரி இறுகிவிடுகிறது.

"நல்லாத்தானே இருந்த, திடீர்னு என்ன?" என்று அவர் கேட்கிறார். திடீரென்றா? நீயும் நானும் ஒரே நாளில் இந்தத் துணிக்கடையில் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்கும்வரை நிற்கிறோம். உட்கார்ந்திருக்கும் விற்பனையாள் வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாது என்பது கடைச் சட்டம். அப்போதாவது "ஸ்டாக் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் மூட்டைமேல் மாறி மாறி உட்கார்ந்தோம். இப்போது மாடியிலும் கேமரா.

நானே ஒரு வைத்தியம் செய்தேன். சிரிக்கக் கூடாது. பக்கத்து மெத்தைப் பிரிவில் வெட்டிப் போட்ட ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, காலளவுக்கு வெட்டி, மூன்று அடுக்காகச் செருப்பில் வைத்துத் தைத்தேன். முதல் நாள் சொர்க்கம். ஒரே வாரத்தில் வலி இரண்டு மடங்காகிவிட்டது.

"வேலைய விட்டுடு, என் சம்பளம் போதும்" என்கிறார் வீட்டுக்காரர். போதாது, அது அவருக்கும் தெரியும். போதும் என்றாலும் விடமாட்டேன். ஜன்னல் அளவைச் சொன்னால் போதும், எத்தனை மீட்டர், எத்தனை மடிப்பு என்று கணக்குப் போடாமல் சொல்கிற ஆள் இங்கே நான் ஒருத்திதான். முதல் வீட்டுக்கு என்னிடம் வாங்கியவர்கள் இரண்டாம் வீடு கட்டினாலும் என்னைத் தேடித்தான் வருகிறார்கள். அதை ஒரு குதிகாலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவேனா?

நீயும் இதே தரையில்தானே நின்றாய்? உனக்கு மட்டும் எப்படி வலிக்கவில்லை? என்ன செய்கிறாய் என்று சொல்லித் தொலை.

உன்,
கத்திரி

ஜனவரி 16

அடியே கத்திரி,

செருப்புக்கு மெத்தை தைத்த கதையைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துத் தொலைத்தேன். புரையேறி, இரண்டு பெண்கள் வந்து தலையில் தட்டும்படி ஆகிவிட்டது. தலையணையும் போர்வையும்தான் பாக்கி, அதையும் வைத்துத் தைத்துவிடு.

எனக்கு வலிக்கவில்லை என்று யார் சொன்னது? வலிக்கிறது என்று நான் சொன்னதில்லை, அவ்வளவுதான். இரண்டு தடவை குதிகாலில் ஊசி போட்டுக்கொண்டேன். போடும்போது உயிர் போய் வரும், அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஒன்றும் தெரியாது. இது உன்னோடு இருக்கட்டும். என் கீழே நாற்பது பெண்கள் நிற்கிறார்கள். சூப்பர்வைசரே நொண்டுகிறாள் என்று தெரிந்தால் ஒருத்தி நேராக நிற்கமாட்டாள்.

ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள். தைலம் தேய். வீட்டுக்காரரைக் காலைப் பிடித்துவிடச் சொல். கல்யாணத்துக்குப் பிறகு அவர் உன் காலைப் பிடிக்காத நாள் உண்டா என்று கேட்டால் கோபித்துக்கொள்வாய், கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேள். மேனேஜரிடம் வலி என்று வாய் திறக்காதே. அந்த அடிஸ்கேல் மனுஷனுக்கு வளைந்து பழக்கமில்லை. இந்த வயதில் நம்மை வெளியே அனுப்ப ஒரு சாக்கு கிடைத்தால் விடுவார்களா? நிற்பதுதான் நம் பிழைப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நில்.

உன்,
நெட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள நெட்டைக்கு,

உன் பேச்சைக் கேட்டு உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்தேன். ராத்திரி சுகமாக இருந்தது, விடிந்தால் அதே ஆணி. பல்லையும் கடித்தேன். பல்தான் வலித்தது. கடைசியில் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனேன். சின்னப் பெண், ஆனால் கை இரும்பு. கெண்டைச் சதையில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள் பார், எனக்குக் கத்தக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

செருப்பைக் கேட்டாள். கொடுத்தேன். ஸ்பாஞ்சை உருவி எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள். "தையல் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா காலு இதுல புதைஞ்சு போகுது. உள்ளங்கால் பள்ளத்துக்குக் கீழ தாங்கல் வேணும், மெத்தை இல்ல" என்றாள். உள்ளங்காலில் விரலிலிருந்து குதிகால்வரை ஒரு நார்ப்பட்டை ஓடுகிறதாம். நின்று நின்று அது நைந்திருக்கிறது. கெண்டைச் சதை இறுகிப்போய் அதை மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது என் காலைப் பூசை இதுதான்: கண் விழித்ததும் எழுந்துவிடக் கூடாது. கட்டிலிலேயே காலை நீட்டி, துண்டைப் பாதத்தில் மாட்டி என் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்புறம் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விடாமல் முன்னால் சாய வேண்டும். முதல் நாள் அதைப் பார்த்த வீட்டுக்காரர், "சுவர எங்க தள்ளிட்டுப் போற? வாடகை வீடும்மா" என்றார். இப்போது அவரும் பக்கத்தில் நின்று தள்ளுகிறார். முட்டி வலிக்கு நல்லதாம், யார் சொன்னார்கள் என்று கேட்காதே. சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணி சுற்றி உள்ளங்காலில் உருட்டுகிறேன். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடப்பதில்லை. தாங்கல் வைத்த செருப்பு வாங்கிவிட்டேன். பார்க்கச் சகிக்காது, போட்டால் கழற்ற மனம் வராது.

ஊசி பற்றிக் கேட்டேன், உன் பேரைச் சொல்லவில்லை. "தேவைன்னா டாக்டர் போடுவாங்க. ஆனா வலிய மரத்துப்போக வச்சுட்டு, அதே தரையில அதே மாதிரி நின்னா என்ன பிரயோசனம்? திரும்பத் திரும்பப் போட்டா அந்த நாரே அறுந்து போகலாம்" என்றாள். கேட்டுக்கொண்டாயா? பயமுறுத்தச் சொல்லவில்லை, உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்.

கடைசியாக அவள் சொன்னதுதான் வம்பு. "மணிக்கு ஒரு தடவையாவது உக்காருங்க. உக்காராம நான் என்ன செஞ்சாலும் அது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரி." சீட்டும் எழுதிக் கொடுத்தாள். மேனேஜரிடம் காட்டினேன். படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். "ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றார். எல்லாருக்கும் கால் இருக்கிறது சார், கேட்கத்தான் கேட்பார்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேட்டால்தானே இல்லை என்பார்கள்? கேட்காமலே ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னேன். துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் போட்டு ஏறி உட்கார்ந்தால், நான் நிற்கும்போது தலை எங்கே இருக்குமோ அங்கேதான் இருக்க வேண்டும். நான் குட்டை, நீ சொல்லிச் சொல்லிக் காட்டிய குட்டை, அதனால் ஸ்டூல் மேசைக்குமேல் தெரியாது; அது முதல் தடவையாக உதவிக்கு வந்தது. ஆனால் தச்சரிடம் அளவு கொடுக்கும்போது திரைச்சீலைக்குக் கீழ்மடிப்புக்குச் சேர்த்துச் சொல்கிற பழக்கம் கையில் இருக்கிறதே, அந்த நாலு விரற்கடையை இதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஸ்டூலை மடித்துத் தைக்கவா முடியும்? நான்கு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் மேனேஜர் மேசை முன்னால் நின்று, "என்னம்மா, இந்த வயசுல வளர்றீங்க?" என்றார். எட்டிப் பார்த்தார். அப்புறம் கத்தினார் பார்.

இறங்கவில்லை நான். கையில் துணி, எதிரே வாடிக்கையாளர். "பாதி வெட்டுல எழுந்தா கோணிக்கும் சார்" என்றேன். வெட்டி முடித்து, மடித்து, பில் போட அனுப்பிவிட்டுத்தான் இறங்கினேன். மறுநாளும் ஏறினேன். இன்றும் ஏறினேன்.

உன்,
கத்திரி

பிப்ரவரி 19

அன்புள்ள தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

உன் உடல்நிலை குறித்து நிர்வாகம் மிகுந்த அக்கறை கொண்டுள்ளது. விற்பனைத் தளத்தில் இருக்கை பயன்படுத்துவது கடையின் ஒழுங்குக்குப் பொருந்தாது. உன் நீண்ட காலச் சேவையைக் கருதி, கீழ்த்தளக் கிடங்கில் விலைச்சீட்டு ஒட்டும் பணி உனக்கு அளிக்கப்படுகிறது. அங்கே நாள் முழுவதும் அமர்ந்தே வேலை செய்யலாம். ஸ்டூலை உடனே அகற்றிவிட்டு, மாத முடிவுக்குள் சம்மதம் தெரிவித்தால் உனக்கு நல்லது.

பழைய தோழி என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தளச் சூப்பர்வைசர்

பிப்ரவரி 22

நெட்டை,

அன்புள்ள என்று எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வண்டிக்கார அண்ணன் கொண்டுவரவில்லை. மேனேஜர் கொண்டுவந்தார், ஆபீஸ் உறையில், முத்திரையோடு. நான் படித்து முடிக்கும்வரை மேசைக்கு முன்னால் நின்றார். அவர் நின்றார், நான் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கையெழுத்து உன்னுடையது. பேச்சு யாருடையது? பத்தொன்பது வருஷத்தில் நீ என்னை எத்தனை பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாய், அதில் பாதி எழுத முடியாதவை. ஒரு நாளும் 'தோழி' என்றதில்லை. 'நலமறிய ஆவல்' என்று நீ எழுதினதைப் பார்த்ததும் உறையைத் திருப்பி, எனக்குத்தான் வந்ததா என்று பார்த்தேன். சொல்லிக்கொடுத்து எழுத வைத்தார்கள், தெரியும். நீ எழுதினாயே, அதுதான் தாங்கவில்லை.

கிடங்கில் உட்கார இடம் உண்டு, எனக்குத் தெரியாதா? அங்கே ஜன்னல் கிடையாது, வாடிக்கையாளர் கிடையாது, வெட்ட ஒரு முழம் துணி கிடையாது. என் குதிகாலுக்கு இடம் கேட்டால், ஆளையே தூக்கி இருட்டில் வைக்கிறேன் என்கிறார்கள். உட்காருவது ஒரு தண்டனை, அதைக் கண் மறைவாகத்தான் அனுபவிக்க வேண்டும் என்கிறார்களா? போகமாட்டேன். என் மேசையிலேயே வேலை செய்வேன், என் மேசையிலேயே உட்காருவேன். அதை என் கையாலேயே எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன்: இன்று காலையில் சுவரைப் பிடிக்காமல் குழாயடிக்கு நடந்தேன். வீட்டுக்காரர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். வலி போய்விடவில்லை, இன்னும் மாதக்கணக்கில் துண்டை இழுக்க வேண்டும் என்கிறாள் டாக்டரம்மா. இழுக்கிறேன்.

இன்னொன்று. மெத்தைப் பிரிவுப் பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். நேற்று நான் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "அக்கா, கொஞ்ச நேரம் நான் உக்காரட்டுமா?" என்று கேட்டாள். இறங்கிக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று சட்டைத் துணிப் பிரிவிலும் ஒரு ஸ்டூல் வந்திருக்கிறது. போர்வைப் பிரிவில் இரண்டு. தச்சருக்கு இப்போது அளவு சரியாகவே தெரியும்.

எடுக்க வேண்டும் என்றால் ஆளை அனுப்பச் சொல். யார் வந்தாலும் என்னோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

கத்திரி

மார்ச் 1

என் கத்திரிக்கு,

இதை வண்டிக்கார அண்ணனிடம்தான் கொடுக்கிறேன். உறையில்லை, முத்திரையில்லை. மடித்துக் கையில் வைத்து, "அவகிட்ட மட்டும் குடுங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்குப் பதில் எழுதக் கூசியது. உன் மேனேஜர் போனில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நான் எழுதினேன். 'பழைய தோழி' என்பதும் அவர் சொன்னதுதான். அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பயந்துவிட்டேன்டி. வேறென்ன சொல்ல?

போன வாரம் மூன்றாவது ஊசிக்குப் போனேன். படுக்கையில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றும்போது நீ எழுதின நார் ஞாபகத்துக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்துவிட்டேன். மறுநாள் தளத்தில் எல்லார் முன்னாலும் நொண்டினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம்தான் பார்த்தேன், என் நாற்பது பேரில் பாதிப்பேர் என்னைப் போலவே நடக்கிறார்கள். இத்தனை நாள் எல்லாரும் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறார்கள், நான் அவர்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கிறேன்.

இப்போது சேதியைக் கேள். உன் கடையிலிருக்கும் ஸ்டூல்களை எடுக்க ஆள் அனுப்புகிறார்கள். வியாழக்கிழமை வரும் அந்த ஆள் நான்தான். "உங்க பேச்சத்தான் அவ கேப்பா, நீங்களே போய் முடிச்சுட்டு வாங்க" என்று வண்டியும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உன் கடைக்கு வர எனக்கு வேறு யார் லீவு கொடுப்பார்கள்?

பதினோரு மணிக்கு வருவேன். மேனேஜர் என் பின்னாலேயே வருவார், தளம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பதும் கடைச் சட்டம்தான். அந்தப் பெண்களிடம் சொல்லி வை, மெத்தைப் பிரிவுப் பெண்ணிடம் முதலில் சொல்.

என்னைப் பார்த்ததும் யாரும் எழுந்திருக்காதீர்கள். உன் பக்கத்தில் எனக்கும் ஒன்று போட்டு வை.

உன்,
நெட்டை