பதினொன்றால் வகுபடும் படை

அவையில் இருந்தோர்: அரியணையில் நெடுங்கழி நாட்டு வேந்தர் பெருநற்கோ, வலப்புறம் அவர்தம் மைந்தர் பதினொருவர், இடப்புறம் கணக்கறிஞர் கூடும் எண்ணவையின் தலைவர் பூதங்கிழார், நடுவில் பட்டுப் போர்த்திய புதுக் கல்வெட்டு, கடைசியில் இவ்வோலை எழுதும் அமைச்சன் வில்லியாதன்.

வடகோட்டைக் காவலர், களம் பல கண்ட தித்தன் சேந்தனார்க்கு வணக்கம். உங்கள் மதில் ஓங்குக, கிணறு ஊறுக, படை பிரியாதிருக்க. கடைசி வாழ்த்தைச் சடங்குக்காக எழுதவில்லை.

தமக்குப் பின் மைந்தர் படையைக் கூறுபோடுவர் என்று அஞ்சிய வேந்தர், எவராலும் சமமாகப் பங்கிட இயலாத பகா எண் ஒன்றைப் படைக்கு வகுத்தளிக்கப் பணித்ததை அறிவீர். எண்ணவையார் ஓர் இலட்சத்து ஒன்றைத் தேர்ந்தனர். இரண்டு முதல் முந்நூற்றுப் பதின்மூன்று வரையுள்ள பகா எண்களால் வகுத்தனர். ஒவ்வொரு முறையும் மீதி விழுந்தது. பதினொன்றை மட்டும் விட்டுவிட்டனர். இளவரசர் தொகையால் எதையும் வகுப்பது இவ்வரண்மனையில் அபசகுனம் அன்றோ? மடைப்பள்ளியில் பலாப்பழத்தைக்கூடப் பன்னிரண்டாகவே அறுப்பர்.

அவ்வெண் வெட்டிய கல்லைத் திறக்குமுன், அது பகா எண்ணே என எண்ணவைத் தலைவர் தீயின்முன் சத்தியம் செய்ய வேண்டும். பூதங்கிழார் எழுந்தார், முந்தைய நாள் தம் வீட்டில் பதினொன்றாலும் வகுத்துப் பார்த்ததாகவும், ஆளுக்கு ஒன்பதினாயிரத்துத் தொண்ணூற்றொருவர் வீதம் மீதியின்றி முடிந்ததாகவும் சொன்னார். இளவரசர் பதினொருவரும் அன்றுதான் முதன்முறையாக ஒரே நேரத்தில் கணக்கைக் கவனித்தனர். மூத்தவர், யானைகளும் அவ்வாறே வகுபடுமா என்று வினவினார்.

வேந்தர் சினந்து, தாம் வெட்டிய கல் பெரிதா, கிழார் போட்ட கணக்கு பெரிதா என்றார். மீதி ஒன்று உண்டென அவையறியச் சொன்னால் மன்னிப்பும் ஓர் ஊரும் தருவதாகவும், மறுத்தால் சாகுமட்டும் நிலவறையே என்றும் அருளினார். கிழார், தாம் சொல்லிவிடலாம் என்றும், எண் கேட்காது என்றும் விடையிறுத்தார். இன்னும் இருவரைச் சேர்த்தால் எண் பகா எண்ணாகும், இம்முறை பதினொன்றையும் விடவில்லை என்று வேண்டினார். கல்லில் வெட்டியதைத் திருத்துவது அரசமரபு அன்று என வேந்தர் மறுத்தார். படை இரண்டுபட்டாலும் பதினொன்றுபட்டாலும் கல் ஒன்றாயிருக்கும் என்பது அவர் ஆறுதல் போலும்.

ஆகவே கட்டளை: எந்தப் பட்டியலிலும் இல்லாத இரு ஆடவரை இன்றே உம் படையில் சேர்த்துக்கொள்க. வேந்தர் அறிய வேண்டாம். ஒருவனோடு நிறுத்திவிடாதீர், எண் இரட்டையாகிவிடும், மூத்த இளவரசர் இருவர்க்கும் அதுவே போதும். ஓலை கண்டபின் எரிக்க. நம் மோதிரம் பதித்த அரக்கே சான்று.

அரக்கு இளகும்போது பூதங்கிழாரை என் அறை வாயில் வழியே கொண்டுசென்றனர். அவர் வேண்டிய இருவரைச் சேர்க்க ஓலை எழுதிவிட்டேன் என்று கண்ணால் காட்டினேன்; அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, விரல்களை மடக்கி எதையோ வகுத்துக்கொண்டு போனார். நிலவறைக் கதவை அவருக்குப் பின் அடைத்தனர், பூட்டினர்.