தம்பி பேரில் ஓர் உதவித்தொகை

ஜூன் 12

அன்புள்ள பட்டாசுக்கு,

உன் ஒட்டகம் எழுதுவது. நலமா என்று கேட்கவே இப்போதெல்லாம் தயக்கமாக இருக்கிறது. போனில் பேசினால் இருவரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். விடுதியில் இருந்தபோது விடுமுறைக்கு விடுமுறை எழுதிக்கொண்ட மாதிரி இனி எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னதுதான் சரி.

முன்னாள் மாணவர் கூட்டம் முடிந்தது. நம் வகுப்புக்கு எப்போதும் தாமதமாக வருவானே, அவன் இப்போது பெரிய கட்டட முதலாளி. கல்லூரிக்கு ஒரு லிஃப்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதுவும் தாமதமாகத்தான் வருகிறது.

உன் நன்கொடையை நீ சொன்னபடியே பிரித்துவிட்டோம். பாதி, உன் பிள்ளை பேரில், நம் தம்பி பேரில், உதவித்தொகை. கட்டணம் கட்ட முடியாத இரண்டு மேலாண்மை மாணவர்களுக்கு. மறு பாதி, வணிக அறம் பற்றிய ஆய்வுக்கு. முதல் ஆய்வே தம்பி வேலை பார்த்த நிதி நிறுவனம்தான். வயதானவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் கதவைச் சாத்திய நிறுவனத்தை விட வேறு எதை எடுப்பது?

ஆய்வு செய்யப்போகும் என் மாணவி கொஞ்சம் முரட்டுப் பெண். முதல் நாளே கேட்டாள்: “மேடம், பணம் குடுத்தவங்க பையனே அங்க வேலை பார்த்திருக்காரு. எது தெரிய வந்தாலும் எழுதலாமா?”

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? வீட்டில் வாத்தியாரை நலம் கேட்டதாகச் சொல்.

உன்
ஒட்டகம்


ஜூன் 25

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

எழுதச் சொல். அதற்குத்தானே பணம் கொடுத்தேன். மேலே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் விடாமல் தப்பித்துக்கொண்டார்கள். கீழே கிடந்த விற்பனைப் பிள்ளைகளைத்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு விசாரணைக்குப் போய்விட்டு பைக்கில் வந்தவன்தான் என் பிள்ளை. என்ன யோசனையில் வந்தானோ, எதிரே வந்த லாரி தெரியவில்லை.

“கம்பெனி பண்ணின தப்புக்கு எம்புள்ளை செத்தான்னு நாலு பேருக்குத் தெரியணும்,” என்று இவர், உன் வாத்தியார், தினமும் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், எத்தனை பிள்ளைகளை ஓட வைத்தவர், இப்போது தெருமுனை வரைகூடப் போவதில்லை. தம்பியின் செல்போனைத் தினமும் காலையில் சார்ஜில் போடுகிறார். யாரும் கூப்பிடப்போவதில்லை. அணைந்து போகக்கூடாதாம்.

எங்கள் தெருவிலும் சிலர் தம்பியை நம்பிப் பணம் போட்டார்கள். இப்போது எதிரே பார்த்தால் செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொள்கிறார்கள். ஆய்வு வெளியே வந்தால் அவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஓடுகிறது. நான் போனாலும் ஓடுகிறது, போகாவிட்டாலும் ஓடுகிறது. முன்பு இது எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ வேளைக்குச் சாப்பிடு. தனியாக இருக்கிறோமே என்று ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே.

உன்
பட்டாசு


அக்டோபர் 30

அன்புள்ள பட்டாசுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உதவித்தொகை பெறும் இருவரும் நன்றாகப் படிக்கிறார்கள். ஒருவன் பேருந்து ஓட்டுநரின் மகன். உனக்கு எழுத வேண்டும் என்று முகவரி வாங்கிப் போயிருக்கிறான். உதவித்தொகை விழா ஜனவரியில். ஆய்வும் நடக்கிறது. என் மாணவி பணம் போட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறாள்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். வாத்தியாரிடம் அன்பைச் சொல்.

உன்
ஒட்டகம்


நவம்பர் 14

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம், அதுவும் மருந்துச் சீட்டு மாதிரி. உடம்புக்கு ஏதாவதா? முதுகு வலியா? மறைத்தால் நேரே கிளம்பி வந்து நிற்பேன், தெரியும் அல்லவா?

ஓட்டுநர் மகன் எழுதிவிட்டான். “அண்ணன் பேரில் படிக்கிறேன், அண்ணன் பேரைக் காப்பாற்றுவேன்” என்று எழுதியிருக்கிறான். இவர் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். கடைசியில், “நிறுத்துங்க, தொண்டை வலிக்குது,” என்றேன். “சரி, குடு, நானே பாக்குறேன்,” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரியில் உதவித்தொகை விழா என்றாயே, அதில் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறார். காலம் முழுக்க விசில் ஊதிப் பழகியவர், பேசிப் பழக்கமில்லை. தம்பியின் அறையில் கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறார். “என் மகன் யாருக்கும் தீங்கு நினைக்காதவன்” என்று ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் போகமுடியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். ஆனால் தெருமுனை வரை நடக்க ஆரம்பித்திருக்கிறார். நேற்று முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் உன்னால்தான் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன்
பட்டாசு


டிசம்பர் 2

என் பட்டாசுக்கு,

உட்கார்ந்து படி. பக்கத்தில் வாத்தியார் இருந்தால் இப்போது படிக்காதே.

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லத் தெரியாமல்தான் எழுதாமல் இருந்தேன்.

என் மாணவி ஓர் ஓய்வுபெற்ற நர்ஸைப் பார்த்தாள். அவருக்குத் துணை யாருமில்லை. ஓய்வுப் பணம் முழுவதையும் தம்பியிடம்தான் கொடுத்திருக்கிறார். கொடுக்கும் முன்பு கேட்டாராம்: “தம்பி, உங்க அம்மாவா இருந்தா போடச் சொல்லுவியா?” தம்பி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, “சொல்லுவேம்மா,” என்றானாம்.

அப்போது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று நான் என் மாணவியோடு சண்டை போட்டேன். குரலை உயர்த்தினேன். அவள் கிளம்பிப் போனாள். தம்பியோடு வேலை பார்த்த இருவரை என் அறைக்கே கூட்டி வந்தாள். அதற்கு இரண்டு மாதம் முன்பே, பணம் தீர்ந்துவிட்டது, புதிதாக வருவதை வைத்துத்தான் பழையவர்களுக்குக் கொடுக்கிறோம் என்று மேலாளர் இவர்களிடம் சொல்லிவிட்டாராம். கூட்டத்தில் தம்பி மட்டும்தான் எழுந்து, “இது தப்பு சார்,” என்றிருக்கிறான். “அப்ப ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ,” என்றாராம். தம்பி உட்கார்ந்துவிட்டான். கதவு சாத்தும் வரை பணம் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அவன் எழுந்து நின்றான், பட்டாசு. அதையும் அவள் எழுதியிருக்கிறாள். உட்கார்ந்ததையும் எழுதியிருக்கிறாள். பெயர் போடவில்லை, ஓர் இளம் விற்பனை அதிகாரி என்றுதான் இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவுக்குப் பெயர் தேவைப்படாது.

அவள் எழுதியதில் கைவைக்கச் சொல்ல என்னால் முடியாது. உன்னிடம் அனுமதி கேட்டும் இதை எழுதவில்லை. வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது, அவ்வளவுதான். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்ட பிள்ளை. இதை எழுதும் கை என் கையாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

உன்
ஒட்டகம்


டிசம்பர் 19

ஒட்டகத்துக்கு,

உன் கடிதத்தைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய், பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று படித்தேன். வீட்டில் இவர், “என்ன எழுதியிருக்கா?” என்றார். “விழா தேதி தள்ளிப்போகுதாம்,” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “பரவால்ல, இன்னும் கொஞ்சம் பழகிக்கிறேன்,” என்றார்.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை.

உனக்கும் உன் மாணவிக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் சேமிப்பும் அந்த நிறுவனத்தில்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி, “அம்மா, நம்ம பணத்த எடுத்துடலாம்,” என்றான். “ஏன்டா?” என்றேன். “வட்டி கொறைக்கப் போறாங்கம்மா.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்த வாரமே அப்பாவைக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்துவிட்டான். கம்பெனி மூடியபோது, நமக்கு நல்ல நேரம் என்றுதான் இவரும் நானும் நினைத்தோம். உன் கடிதம் வரும் வரை அப்படித்தான் நினைத்தேன். உனக்கு நன்கொடையாக அனுப்பினேனே, அது அந்தப் பணம்தான்.

அந்த நர்ஸம்மா கேட்ட கேள்விக்கு அவன் சொன்னது பொய். அவனுடைய அம்மாவாக இருந்தால் போடச் சொல்லமாட்டான். இது எனக்கு மட்டும்தான் தெரியும். என் பிள்ளை என்னைக் காப்பாற்றினான். அவர்களைக் காப்பாற்றவில்லை. அவன் என்மேல் வைத்திருந்த பாசத்தை நினைத்தால் வலிக்கிறது. இப்படி ஒரு வலி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அச்சிடு. நான் இப்போது எழுதியதையும் உன் மாணவிக்குச் சொல், அதையும் சேர்க்கட்டும். அவளை யாரும் எதுவும் சொல்லக்கூடாது, நீயும்தான்.

உதவித்தொகை தொடரட்டும். ஆய்வும் தொடரட்டும். ஆனால் தம்பி பேரை எடுத்துவிடு. அந்த நர்ஸம்மா எப்போதாவது கல்லூரிக்கு வந்து அந்தப் பேரைப் பலகையில் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஓட்டுநர் மகனிடம் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். எதையும் காப்பாற்றும் பாரம் அவனுக்கு வேண்டாம். படித்தால் போதும்.

இவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். ஊர் சொல்லும் முன் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு, தன் பிள்ளையை இரண்டாம் முறை பறித்தது நீதான் என்று நினைப்பார். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் ஒருநாள் தெரியலாம். ஆனால் ஒரே வீட்டில் அவரோடு இருக்க வேண்டியவள் நான். உன் கையெழுத்து உள்ள உறை வாசலில் விழும் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

அதனால் எழுதாதே. வராதே. நானும் எழுதமாட்டேன். உன்மேல் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டுத் தீர்த்திருப்போம்.

வேளைக்குச் சாப்பிடு.

பட்டாசு


ஜூன் 20

பெயர் குறிப்பிட விரும்பாத நன்கொடையாளர் அவர்களுக்கு,
தொழிற்சாலை முகவரி.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நன்கொடை அளித்தோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை விவரம் தெரிவிக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. அதன்படி இக்கடிதம் அனுப்பப்படுகிறது.

இவ்வாண்டும் தாங்கள் அனுப்பிய தொகை வந்து சேர்ந்தது. புதிதாக இரு மாணவியர் தேர்வு செய்யப்பட்டுள்ளனர். பலகையில் தாங்கள் கேட்டுக்கொண்ட மாற்றம் செய்யப்பட்டது. ஆய்வு நூலாக வெளிவந்துவிட்டது. தாங்கள் தெரிவித்த தகவல் அதில் கடைசி அத்தியாயமாக உள்ளது. வகுப்பில் அதைப் படிக்கும் நாளில் மாணவர்கள் மணி அடித்த பிறகும் எழுந்து போவதில்லை.

ஆய்வில் பங்கேற்ற ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், நூலைப் படித்துவிட்டு நேரில் வந்திருந்தார். அந்த இளைஞருக்கு அம்மா இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்று மட்டும் சொன்னோம். கிளம்பும்போது, “அவங்களப் பார்த்தா, சாப்பிட்டாங்களான்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க,” என்றார்.

அதைத் தங்களுக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பேராசிரியை, வணிக அற ஆய்வுப் பிரிவு