காலை வண்டி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. காலை வண்டி இனி எங்கள் ஊரில் நிற்காதாம். "உத்தரவு உங்க தம்பி ஆபீஸ்ல போட்டதுதாம்மா" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கிறார்.

கரியில் ஓடியபோது நின்றது. டீசலில் ஓடியபோது நின்றது. மின்சாரம் வந்த பிறகும் நின்றது. உன் கைக்கு வந்ததும் நிற்க நேரமில்லையா? திங்களும் வியாழனும் உன் அத்தானை டயாலிசிசுக்கு அதில்தான் கூட்டிப்போகிறேன் என்பது உனக்குத் தெரியாதா?

அக்கா

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

வகுப்பில் உன் பிள்ளைகளைத் திட்டுவதுபோல் என்னைத் திட்டாதே. இப்போது எல்லாருக்கும் சீக்கிரம் போகவேண்டும். உங்கள் ஊரில் ஏறுவது நாலைந்து பேர். வாசலிலேயே ஆறுவழிச் சாலை போட்டிருக்கிறார்களே, பஸ்ஸில் இன்னும் சீக்கிரம் போய்விடலாம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 16

தம்பி,

அத்தான் உன்னைக் கேட்கவில்லை.

சாலை வாசலில்தான். பஸ் நிற்பது எதிர்ப்புறம். நடுவில் மார்பளவு சுவர். நடைமேம்பாலம் ஏறி இறங்கவேண்டும். பாதிப் படியில் அவர் உட்கார்ந்துவிடுகிறார். "ஊரே வேகமாயிடுச்சு, என் முழங்காலுக்கு மட்டும் யாரும் சொல்லல" என்கிறார்.

உதாரணம் சொன்னால்தான் உனக்குப் புரியும், சின்ன வயதிலிருந்தே. ரயில்வே வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாயே, அன்று சட்டையை இஸ்திரி போட்டு நேரமாக்கிவிட்டுத் தெருமுனையில் ஓடிவருகிறாய். கார்டு பச்சைக்கொடியை எடுத்துவிட்டார். ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் ஒரு காலை வண்டிப் படியிலும் வைத்துக்கொண்டு, "என் தம்பி ஏறாம வண்டி போகாது சார்" என்றேன். "உங்க வீட்டு வண்டியாம்மா?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் கொடியை மடக்கினார். ஒரே ஒரு ஆளுக்காக நின்ற வண்டியில் ஏறித்தான் நீ இந்த நாற்காலிக்குப் போனாய்.

இப்போதும் பழைய நேரத்துக்குப் பிளாட்பாரத்தில் போய் நிற்கிறோம். வண்டி பறந்த பிறகுதான் பஸ்ஸுக்குப் போகிறோம். பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

திங்கட்கிழமை வேலையாக அந்த வண்டியில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அத்தான் பெஞ்சில் சாய்ந்திருந்தார். நீ பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டிக்கொண்டு நின்றாய். கண்ணிமைக்கும் நேரம்தான். மேலதிகாரிகளிடம் பேசிப் பார்க்கிறேன். என் ஒருவன் கையில் இல்லை.

தம்பி

ஏப்ரல் 7

தம்பி,

பார்த்தாயா? தலைக்கு மேலேயே சங்கிலி தொங்கியிருக்குமே. ஏன் இழுக்கவில்லை? அபராதத்தை நான் கட்டியிருப்பேன்.

இனிக் கடிதம் எழுதாதே. நேரில் வா. வண்டி இங்கே நிற்காது, அது உனக்கே தெரியும். பஸ்ஸில் எதிர்ப்புறம் இறங்கிப் படியேறு. வியாழக்கிழமை வந்தாயானால், பாதியில் உன் அத்தான் உட்கார்ந்திருப்பார்.

அக்கா