தொப்பி போட்ட கோலிக்குண்டு

20 அக்டோபர் 1962, சனிக்கிழமை

ஊரையே கேலி பண்ணுகிற எனக்கு, கோயிலில் சனீஸ்வரனுக்கு நேராக நின்று கும்பிடப் பயம். பார்வை படக்கூடாதென்று ஓரமாக நின்றே ஐம்பது வயதை ஓட்டிவிட்டேன்.

இன்று பொழுது சாய்ந்ததும் சிங்கப்பூர் காத்தோங்கில் கிராணி சிவகுரு வீட்டுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸில் குமாஸ்தா. புதிதாகத் தொலைநோக்கி வாங்கியிருக்கிறார். "பாருங்கோ அண்ணை" என்றார். பார்த்தேன்.

"என்ன கிராணி, கோலிக்குண்டு தொப்பி போட்டிருக்கு! படத்தை ஒட்டி வச்சு ஏமாத்தாதீங்க லா!" என்று சிரித்துவிட்டு, மறுபடி மறுபடி பார்த்தேன்.

"படமில்லை அண்ணை, உதுதான் சனி. தொப்பி மாதிரித் தெரியிறது அதின்ர வளையம்."

சனீஸ்வரனையே பார்த்துவிட்டேன், கண்ணோடு கண் வைத்து, அதுவும் சனிக்கிழமையில்! நம் பூமி மாதிரி அதுவும் சூரியனைத்தான் சுற்றுகிறதாம், யாரையும் பார்ப்பதில்லையாம். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நாளைக்கு என் மகளை அல்லவா பெண் பார்க்க வருகிறார்கள்.

வீட்டில் சொன்னதும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதை இன்னைக்குத்தான் பார்க்கணுமா? நாளைக்கு ஏதாச்சும் தட்டிப்போச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன். கோயில் சாத்துறதுக்குள்ள எள் விளக்குப் போட்டுட்டு வாங்க."

எள்ளை முடியக் கறுப்புத் துணி வேண்டும். அவசரத்தில் கையில் அகப்பட்டதைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். விளக்கு நன்றாக எரிந்தது. கிழித்தது, மாப்பிள்ளை வீட்டார் வரும்போது போட எடுத்து வைத்திருந்த என் கால்சட்டை.