மாடியில் காய்ந்த புடவை

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
28-12-1991

அன்புள்ள என் கணவருக்கு,

சொர்ணம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் கிருத்திகாவும் சுகம். நம் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. காவிரிக் கலவரத்தைப் பற்றி பம்பாய்ப் பேப்பரில் என்ன போட்டிருந்தாலும் சாப்பிடாமல் கிடக்காதீர்கள். உங்கள் அல்சருக்கு ஆகாது.

எப்படித் தப்பித்தோம் என்று கேட்டிருந்தீர்கள். பந்த் அன்று காலையில் துவைத்து, மாடிக் கயிற்றில் மஞ்சள் புடவையைப் போட்டேன். பக்கத்தில் சிவப்புப் பாவாடை. அவ்வளவுதான். கும்பல் வந்தபோது குழந்தையை அணைத்துக்கொண்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். ஒருவன் அண்ணாந்து பார்த்தான். கன்னடக் கொடியின் இரண்டு நிறமும் மேலே அசைந்துகொண்டிருந்தன. "நம்மவ்ர மனே" என்றான், நம்ம ஆட்கள் வீடு என்று. கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார்கள். அங்கே வாசலில் தமிழ்ப் பேப்பர் எடுக்காமல் கிடந்தது. அந்த வீட்டுக் கோதண்டராமன் சார் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். கல் பட்ட கண் பிழைக்குமா, தெரியவில்லை.

இப்போது தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை, எல்லாக் கயிற்றிலும் மஞ்சளும் சிவப்பும். யாரும் அவற்றை உடுத்துவதில்லை. காலையில் எடுத்து, தண்ணீரில் நனைத்து, திரும்பப் போடுகிறார்கள். துணி படபடக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. நானும் போடுகிறேன்.

நேற்று குழாயடியில் சாரின் மனைவி சீதாலட்சுமி அக்கா, "உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சொர்ணம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு என் குடத்தையும் அவரே நிரப்பி இடுப்பில் வைத்துவிட்டார்.

அரசியலுக்கும் நமக்கும் ஏழாம் பொருத்தம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். துணி காயப்போடுவதில் என்ன அரசியல்? சாமி சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வாளியில் நீலப் புடவைதான் மேலே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து மஞ்சளை உருவினேன். என்றும் இல்லாமல் அன்றைக்குப் பேப்பரையும் விடியும்போதே உள்ளே எடுத்து வைத்தேன். ஏன் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. அக்கா கேட்டபோது வாயில் வந்த "தெரியாது" எனக்கே பொய் மாதிரி இருந்தது.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் வாருங்கள். ரயிலில் யாரோடும் அதிகம் பேச வேண்டாம். பெருமாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து என்னைத் திட்டுங்கள், எதை வேண்டுமானாலும் கேளுங்கள். அக்கா கேட்டதை மட்டும் நீங்களும் கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொர்ணம்